மதுரையில் மனச்சோர்வு: மருத்துவரிடம் போவதற்கு முன் நடக்கும் நீண்ட சுற்று

மதுரை வட்டாரத்தில் மனச்சோர்வுக்கு ஆளான ஒருவர் மனநல மருத்துவரின் முன் முதன்முறையாக வந்து உட்காரும்போது, அவர் கையிலோ கூட வந்தவர் கையிலோ ஒரு தடித்த ஃபைல் இருப்பது வழக்கம். அதற்குள் ஈசிஜி இருக்கும், வயிற்று ஸ்கேன் இருக்கும், தைராய்டு பரிசோதனை இருக்கும், சிலருக்கு எண்டோஸ்கோப்பியும் தலை ஸ்கேனும்கூட இருக்கும். முக்கால்வாசித் தாள்களில் குறை ஒன்றும் இல்லை என்றே எழுதியிருக்கும். ஊர் டாக்டரிடம் ஊசியும் சத்து மாத்திரையும், பிறகு டவுனுக்கு வந்து வயிற்றுக்கு ஒருவர், நெஞ்சுக்கு ஒருவர், கடைசியில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று யாரோ சொன்னதன் பேரில் ஒரு நரம்பு டாக்டர் என்று மாதக்கணக்கில் சுற்றிய பிறகே அவர் அந்த நாற்காலிக்கு வந்து சேர்கிறார். இந்தச் சுற்றுக்கு அறியாமையும் ஒரு காரணம்தான். ஆனால் அதுவே முதல் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. மனம் சரியில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் தன் குடும்பத்துக்கு என்னவெல்லாம் கைவிட்டுப் போகும் என்பதை அவர் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

அந்தக் கணக்கை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. பெங்களூரில் மனநலப் பிரிவின் புறநோயாளிகள் 80 பேரிடம் விரிவாகப் பேசி நடத்தப்பட்டு, 1996-இல் வெளியானது அது. மனச்சோர்வின் அறிகுறிகள் மிகுந்திருந்தவர்களிடம் அவமான உணர்வும் மிகுந்திருந்தது. வலி, படபடப்பு, அசதி போன்ற உடல் சார்ந்த தொல்லைகள் மிகுந்திருந்தவர்களிடமோ அந்த உணர்வு குறைவாக இருந்தது. வலியும் அசதியும் எல்லோருக்கும் வருபவை, அவற்றைச் சொல்வதில் தலைகுனிவு இல்லை. மனத்தின் துன்பத்தைச் சொன்னால் திருமணம் தடைபடும், மதிப்புக் குறையும் என்பதே அவர்கள் தந்த விளக்கம். நம் வீடுகளை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. உடம்பு வலிக்கிறது என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள். மனசு வலிக்கிறது என்றால் அப்படி உனக்கு என்ன குறை வைத்தோம் என்று கேட்பார்கள்.

உடல் வலியைச் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மனச்சோர்வு தூக்கத்தையும் பசியையும் கெடுக்கிறது, அசைவை மந்தமாக்குகிறது, இருக்கிற வலியைப் பெரிதாக உணரச் செய்கிறது. மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு நடுவயதுப் பெண், ‘டாக்டரம்மா, தலை பாரமாவே இருக்கு, கை காலெல்லாம் ஓஞ்சு போச்சு, சோறு எறங்க மாட்டேங்குது, விடியக்காலம் மூணு மணிக்கே முழிப்புத் தட்டிருது’ என்று சொன்னால், அந்த நான்கில் மூன்று மனச்சோர்வுக்கான பாடப்புத்தக அறிகுறிகளே. அனுபவமுள்ள மருத்துவர் அதற்கு மேல் ‘உங்களுக்கு மனக்கவலை உண்டா’ என்று நேராகக் கேட்க மாட்டார். கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். ‘இந்த வருஷம் அழகர் ஆத்துல எறங்குறதப் பாக்கப் போனீகளா?’ என்று கேட்பார். ‘எங்க போக, மனசு ஓடல’ என்று அந்த அம்மாள் சொல்லிக் கண் கலங்கும்போது, முன்பு விரும்பிச் செய்த எதிலும் நாட்டமில்லாமல் போனது எத்தனை மாதமாக என்பது தெரிந்துவிடும்.

ஒரு நாள் துக்கம், ஒரு சாவு வீட்டின் அழுகை, கடன் தொல்லையால் வரும் கவலை ஆகியவை தம்மளவில் நோய் அல்ல. மனம் சோர்ந்திருப்பது அல்லது எதிலும் நாட்டமில்லாமல் போவது, இவ்விரண்டில் ஒன்றாவது இருந்து, அதனுடன் தூக்கம், பசி, கவனம், தன்மதிப்பு ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களும் சேர்ந்து, இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் ஏறக்குறைய நாள் முழுவதும் நீடித்து, வேலையையும் வீட்டையும் பாதித்தால் அதை மருத்துவம் மனச்சோர்வு நோய் என்கிறது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்நோய்க்கு ஆளாகிறார் என்று கண்டது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநோய்கள் உள்ளவர்களில் ஏறக்குறைய 85 விழுக்காட்டினர் சிகிச்சையில் இல்லை என்பதும் அதே கணக்கெடுப்பின் கண்டுபிடிப்பு. நூறு வீடுகள் உள்ள ஒரு தெருவில் இந்நோயை அனுபவித்தவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள் என்று சொல்லலாம். அவர்களில் ஒருவரையாவது தெரு அறிந்திருக்குமா என்பது ஐயமே.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. மனச்சோர்விலிருந்து குணமானவர்கள் நம்மிடையே ஏராளமாக இருக்கிறார்கள். ஆனால் மறைத்து வைப்பதற்கு மற்ற எவரையும்விட அவர்களுக்கே அதிகக் காரணம் இருக்கிறது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு, வேலைக்குத் திரும்பி, பிள்ளைக்குக் கல்யாணமும் முடித்துவிட்டவர் அந்த ஆறு மாதத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஊரார் கண்ணில் படுகிறவரோ சிகிச்சை கிடைக்காமல் பஸ் நிலையத்தில் கந்தலுடன் தனியாகப் பேசிக்கொண்டு நிற்கும் தீவிர மனநோயாளி. இரண்டும் வெவ்வேறு நோய்கள், வெவ்வேறு போக்குகள் என்பது யாருக்கும் தெரியாததால், மனநல மருத்துவரிடம் போவது என்றாலே அந்த மனிதரின் முகம்தான் மனத்தில் வருகிறது.

இந்த வட்டாரத்தில் அந்த முகத்துக்கு ஓர் ஊர்ப்பெயரும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்கு வரும் மனநோயாளிகளை வைத்துக் காசு பார்த்த தனியார் காப்பகங்களில் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன. ஆனால் தென்மாவட்டங்களின் நினைவில் தங்கிவிட்டது அந்தச் சங்கிலி. இன்றும் ஒரு வீட்டில் இளைஞன் ஒருவன் அறையைவிட்டு வெளியே வராமல் கிடந்தால், ‘இப்படியே விட்டா ஏர்வாடிக்குத்தான் கொண்டு போகணும்’ என்று அப்பாவோ சித்தப்பாவோ கோபத்தில் சொல்லிவிடுகிறார்கள். அவன் அதற்குப் பிறகு தனக்கு நேர்வதைப் பற்றி யாரிடம் வாய் திறப்பான்?

சட்டம் அந்தக் காலத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அடியோடு தடை செய்கிறது. நோயாளியின் விவரங்களை இரகசியமாக வைத்திருக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை என்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் மின் அதிர்வு சிகிச்சை தரக்கூடாது என்கிறது. சினிமாவில் பார்த்த ‘கரண்ட் ஷாக்’ காட்சியை நினைத்தே நடுங்குகிறவர்கள் அறிய வேண்டிய செய்தி இது. உடல் நோய்களுக்குத் தருவதைப் போலவே மனநோய்களுக்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. மனச்சோர்வுக்கு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஓ.பி. சீட்டு வாங்கி, பார்த்துவிட்டு, மாத்திரையுடன் அன்றே வீடு திரும்புகிறவர்கள். ‘போனா உள்ள போட்டுருவாங்க’ என்ற அச்சத்துக்கு இடமே இல்லை.

போலீஸ் பயம் தனிக் கதை. தற்கொலைக்கு முயன்று பிழைத்த ஒருவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வரும் குடும்பம், தெரியாமல் நடந்துவிட்டது என்று மட்டுமே சொல்லும். உண்மையைச் சொன்னால் வழக்கு வரும் என்று அஞ்சும். உடலைத் தேற்றி அனுப்பிவிடுவார்கள், அதற்குக் காரணமாக இருந்த நோய் அப்படியே வீட்டுக்குத் திரும்பும். அப்படி முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, பராமரிப்பு தருவது அரசின் கடமை என்று 2017-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 309-ஆவது பிரிவும், அச்சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. இதை வார்டில் நிற்கும் அக்காளுக்கும் மாமனுக்கும் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

திருமணம்தான் எல்லாவற்றையும்விடக் கனமான தடை. ஒரு பெண் மனநல மருத்துவரிடம் போனது தெரிந்தால், அவளுடைய ஜாதகம் மட்டுமல்ல, தங்கையின் ஜாதகமும் தரகரின் ஜாதகக் கட்டின் அடிக்குப் போய்விடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிந்தது. சொந்தத்திலேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்களில் இது இன்னும் சிக்கல். வரப்போகும் சம்பந்தியே பக்கத்துத் தெருவில் இருப்பார். சட்டப்படி பார்த்தால், திருமணத்துக்கே தகுதியற்றவராக்கும் அளவுக்கு உள்ள மனநோயைப் பற்றித்தான் இந்து திருமணச் சட்டம் பேசுகிறது. நோயின் பெயரைச் சொன்னால் மட்டும் மணமுறிவுக்குப் போதாது, அதன் அளவைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே, மனச்சிதைவு நோய் தொடர்பான ஒரு வழக்கில், தீர்ப்பளித்தது. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் தீர்ப்பைப் படித்துவிட்டு வருவதில்லை. குழந்தை பெற்றுத் தாய்வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வரும் மனச்சோர்வு ‘பச்ச ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்ற ஒரே வாக்கியத்தில் மூடப்படுவதும் இதனால்தான். ஆண்களின் கதை வேறு. அவர்களுடைய மனச்சோர்வு டாஸ்மாக் வாசலில் மறைந்துகொள்கிறது. குடிகாரன் என்ற பெயரைத் தாங்கிக்கொள்ளும் ஊர், மனநோயாளி என்ற பெயரைத் தாங்காது.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதைப் பற்றிப் படித்தவர்கள் ஏளனமாகப் பேசுவது வழக்கம். மேலமடை பாண்டி கோயிலுக்குப் போய்த் திருநீறு போட்டு வருவதும், தாயத்துக் கட்டுவதும், குறி கேட்பதும் உதவி தேடும் செயல்களே. அங்கே போவதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை என்பதையே நாம் கவனிக்க வேண்டும். செய்வினை என்று சொல்லும்போது குற்றம் நோயாளியின் மேல் விழாமல் வேறு யார் மேலோ விழுகிறது, கூட வர மூன்று பேர் இருக்கிறார்கள். தமிழகத்துக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரைப் பின்தொடர்ந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, சராசரியாக ஆறு வாரங்கள் தங்கியதில் அவர்களது அறிகுறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்ததைக் கண்டது. ஆதரவான, அச்சுறுத்தாத சூழலே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஏர்வாடியிலும் பிற்காலத்தில் துவாவுடன், அதாவது பிரார்த்தனையுடன், மருந்தையும் சேர்த்துத் தரும் ஏற்பாடு வந்தது. கோயிலுக்குப் போகாதே என்று சண்டை போடுவதைவிட, போய்விட்டு வாருங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லும் மருத்துவரிடமே நோயாளி மறுமுறை வருகிறார். ஆனால் சாட்டையடி, பட்டினி, கட்டிப்போடுதல் என்று எது நடந்தாலும் அங்கே இந்தப் பொறுமைக்கு இடமில்லை.

மாத்திரையைப் பற்றிய அச்சத்துக்குச் சற்று விரிவான பதில் தேவை, ஏனென்றால் சிகிச்சை பாதியில் முறிவது பெரும்பாலும் முதல் மாதத்தில்தான். மனநல மருத்துவர் தருவதெல்லாம் தூக்க மாத்திரை, பழகிவிட்டால் விட முடியாது என்று ஒரு பேச்சு உண்டு. அல்பிரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்துகள் பழக்கமாகிவிடக்கூடியவை என்பது உண்மை; சீட்டில்லாமல் மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிட்டுச் சிக்கிக்கொண்டவர்கள் உண்டு. மனச்சோர்வுக்கான முதன்மை மருந்துகளான ஃபுளுவாக்ஸெட்டின், எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றுக்காக மனம் ஏங்குவதில்லை. ஆனால் அவை வேலை செய்யும் விதம் நம் பொறுமையைச் சோதிக்கும். குமட்டல், தலைவலி, வயிற்றுக் கலக்கம் போன்ற தொந்தரவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு ஆறு வாரங்கள்கூட ஆகும். கெடுதல் முன்னால் வந்து நல்லது பின்னால் வரும் மருந்தைப் பத்தாம் நாளில் தூக்கிப் போடுவது இயல்புதான், அதுவும் மாமியார் ‘இந்தக் கருமத்தத் தின்னுதான் இப்படி ஆயிட்ட’ என்று சொல்லும் வீட்டில். இந்தக் கால அட்டவணையை முதல் நாளே நோயாளிக்கும் கூட வந்தவருக்கும் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போது மருத்துவர் சொல்கிறபடி சிறுகச் சிறுகக் குறைத்தே நிறுத்த வேண்டும். இலேசான மனச்சோர்வுக்குப் பல வேளைகளில் மாத்திரையே தேவைப்படுவதில்லை, முறையான ஆலோசனை போதும். தைராய்டு குறைவும் இரத்தச்சோகையும் இதே அறிகுறிகளைக் காட்டக்கூடும் என்பதால், அந்த ஃபைலில் உள்ள பரிசோதனைகள் எல்லாமே வீண் என்றும் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் இந்தக் களங்க உணர்வை எது குறைக்கும்? மூளையில் வரும் நோய், சர்க்கரை நோயைப் போன்றதுதான் என்று எடுத்துச் சொன்னால் போதும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அமெரிக்காவில் 1996-ஐயும் 2006-ஐயும் ஒப்பிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைக் கலைத்தது: மூளை சார்ந்த விளக்கத்தை ஏற்றவர்களின் எண்ணிக்கை கூடியது, சிகிச்சைக்கு ஆதரவும் கூடியது, ஆனால் நோயாளியுடன் பழகவோ பக்கத்தில் வைத்துக்கொள்ளவோ இருந்த தயக்கம் குறையவில்லை. மனநோய்க் களங்கத்தை ஒழிப்பது குறித்து 2022-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட ஆணைய அறிக்கை, நோயை அனுபவித்தவர்களை நேரில் சந்திப்பதும் அவர்களே முன்னின்று பேசுவதும்தான் மிகுந்த பலன் தரும் வழி என்ற முடிவுக்கு வந்தது. கல்லூரி அரங்கில் பேனர் கட்டி நிபுணர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசுவதைவிட, குணமான ஒரு தறிக்காரரோ ஆசிரியையோ பத்து நிமிடம் பேசுவது ஆழமாகப் போகும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

மதுரைக்கு இது தெரியாத பாடமும் அல்ல. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை கிராமம் கிராமமாக முகாம் போட்டபோது, கண்ணில் கத்தி வைக்க அஞ்சியவர்களை இழுத்து வந்ததில் போஸ்டருக்கு இருந்த பங்கைவிடப் பார்வை திரும்பி ஊருக்குள் நடந்து வந்த அப்பத்தாவுக்கு இருந்த பங்கு பெரிது என்றே நான் எண்ணுகிறேன். கண்புரையில் குணமானவரை ஊரே பார்க்கிறது. மனச்சோர்வில் குணமானவர் தானே சொன்னால்தான் தெரியும்; அப்படிச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்த நமக்கு உரிமையும் இல்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் தாயை மேடையேற்றிப் பேச வைப்பது சேவை ஆகாது. இழப்பதற்குக் குறைவாக உள்ளவர்கள், அதாவது ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டவர்கள், ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ள மருத்துவர்களும் ஆசிரியர்களும் முதலில் பேசத் தொடங்குவதே நியாயமான வரிசை.

இன்னொரு பக்கம், களங்கம் ஒழியும்வரை நோயாளி காத்திருக்க முடியாது என்பதால், யாரும் கூச்சப்படாமல் போகிற இடத்துக்கே சிகிச்சையைக் கொண்டுபோக வேண்டும். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு முறை சந்தித்துப் பேசி, சிறு சிறு வேலைகளிலும் உறவுகளிலும் நோயாளியைத் திரும்ப ஈடுபட வைத்தார்கள்; மூன்று மாதங்களில் அவர்களில் 64 விழுக்காட்டினர் நோயின் பிடியிலிருந்து விடுபட்டிருந்தனர், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 39 விழுக்காடு. ஆலோசகர் அதே ஊர்க்காரர், போகுமிடம் காய்ச்சலுக்குப் போகும் அதே கட்டடம் என்பதால் பார்த்தவர் எதையும் ஊகிக்க வழியில்லை.

இங்கேயும் அடித்தளம் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டில் தொடங்கப்பட்டபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. பின்னர் அது மதுரை உள்ளிட்ட மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. இத்திட்டத்தின்படி மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வட்டார மருத்துவமனைகளுக்கே வந்து பார்க்கிறார். அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். டாக்டர் சி. ராமசுப்பிரமணியன் 1992-இல் நிறுவிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மறுவாழ்வுப் பணியைப் பல ஆண்டுகளாக மதுரையில் செய்து வருகிறது. பெயர் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவை அது, தமிழகத்தில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது.

செய்யாமல் விட்டிருப்பது மிக எளிதான ஒன்றை என்று தோன்றுகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீடு தேடிப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. கடந்த இரண்டு வாரங்களாக மனம் சோர்ந்து இருக்கிறதா, எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா என்ற இரண்டே கேள்விகளைக் கொண்ட பரிசோதனை முறை உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. கேட்டு முடிக்க ஒரு நிமிடம் ஆகாது. உசிலம்பட்டியிலோ பேரையூரிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் கையில் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்க்கிற வேளையில் அந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டுவிட்டால், மனநோய் என்று அதை யாரும் பெயர் வைத்துப் பார்க்க மாட்டார்கள். ஆனால் கேட்பது மட்டும் போதாது. ஆம் என்று பதில் சொன்னவருக்கு அதே வட்டாரத்தில் மருத்துவரும், ஒரு மாதமும் தட்டாமல் கிடைக்கும் மாத்திரையும், இரண்டாம் வாரத்தில் ‘குமட்டல் நின்னுருச்சா, மாத்திர விடாம சாப்பிடுறீகளா’ என்று விசாரிக்கும் ஒரு செவிலியரும் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு மாதமும் மதுரைக்கு பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டு, எங்கே போகிறாய் என்று கேட்பவர்களுக்கு ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருந்தால் மூன்றாவது மாதம் அவர் வர மாட்டார்.